வெறும் தகடு

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆய்வுக்கூடத்தில் நானும், துகள் முடுக்கி எந்திரத்தை இயக்கும் லாயோஷ் அண்ணனும் மட்டும்தான். தெப்ரெத்சென் ஊரே சதுக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

ஒரு தகட்டில் போரானை மெல்லப் பூசி, அதன்மேல் ஆல்பா துகள்களைப் பாய்ச்சி, தெறித்து வரும் நியூட்ரான்களை எண்ணுவது என் பிழைப்பு. ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் எண்ணிக்கை மேடாக எழும் என்று பல வருடமாகப் பிடிவாதம் பிடித்தேன். "அங்க ஒண்ணும் இல்ல, எமெஷே" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், என்னோடு வேலையையும் வீட்டையும் பகிர்ந்திருந்த பெர்தலான் செகெத் நகருக்குப் போய்விட்டான்.

அன்று மேடு எழுந்தது.

"பொகாச்சா எங்கம்மா?" என்றார் லாயோஷ். மேடு கண்டவர் மற்ற எல்லாருக்கும் அந்த உப்பு ரொட்டி வாங்கித் தரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெறும் தகட்டையும் வச்சுப் பாத்துடு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

போரான் பூசாத தகட்டிலும் அதே மேடு வந்தால், அது அழுக்கின் மேடு. இது தெரியாதவளா நான்? தகட்டை மாட்ட அவர் உள்ளே போனதும் பெர்தலானுக்குப் போன் செய்தேன்.

"நிஜமாவா?"

"கண்ணு முன்னாடி நிக்குதுடா."

சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "சரி, தோத்துட்டேன். நாளைக்கே ரயில் ஏறி வந்து பாக்குறேன். செர்ரி சூப் வைப்பியா?"

"வைக்கிறேன்."

சாயங்காலம் வெறும் தகட்டிலும் மேடு வந்தது. அதே இடம், அதே உயரம். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்பின் எண்ணெய் ஆவி தகட்டில் கார்பனாகப் படிந்திருந்தது. கார்பனின் மேடு எங்கே வரும் என்று எங்கள் மாணவர்களுக்கே தெரியும். தெரிந்தேதான் கண்ணை மூடிக்கொண்டேன்.

லாயோஷ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன் செய்ததை ஊகித்துவிட்டார்.

"நாளைக்குச் சொல்லிக்கலாமே. வரட்டும், சூப் குடிச்சுட்டுப் போகட்டும். என்ன குடி முழுகிப் போச்சு?"

எனக்கும் அந்த ஆசை இருந்தது. வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் பொய்யான மேட்டைக் காட்டி ஒருவனை வரவழைக்க என்னால் முடியவில்லை. மறுபடி போன் செய்தேன்.

"பெர்தலான், அது கார்பன். வெறும் தகட்டுலயும் வந்துடுச்சு."

"அடடா. எண்ணெயா?"

"எண்ணெய்தான்."

"அப்போ நாளைக்கு…"

"வந்தா இங்க பாக்க ஒண்ணும் இல்ல" என்றேன். 'நீ இருக்கியே' என்று அவன் சொல்வான் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, ஒண்ணும் இல்லதான்" என்றான்.