நாலாம் லயத்துப் பெரட்டு

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மலை பேச ஆரம்பித்தது, சிலோனிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியேறிய வருஷத்தில். பெரிதாக ஒன்றும் பேசாது. கொழுந்தில் கை வைக்கும் முன் அந்தப் பெண்கள், விளைச்சல் பெருகட்டும் என்று வழக்கப்படி "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பார்கள். கொஞ்சம் பொறுத்து மலையும் "பொலி" என்று சொல்லும். சளி கட்டிய பொம்பளைக் குரல். முதல் மாதம் டிரைவர்கள் பஸ்ஸை நிறுத்திக் கேட்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். பெண்களுக்கு மட்டும் அது வேலைக்கு உதவியது. வெயில் காலத்தில் பதில் சட்டென்று வரும். மண்ணுக்குள் தண்ணீர் கட்டினால் குரல் கனத்துத் தாமதமாகும். நிற்கிற இடத்துக்குக் கீழேயிருந்து வந்தால் அந்தத் தேயிலைக் காட்டில் அன்று யாரும் கால் வைப்பதில்லை. சூப்பர்வைசர் திட்டுவார், இவர்கள் பாட்டுக்கு வேறு காட்டுக்கு நடப்பார்கள்.

குருவம்மாள் சிறுமியாக வந்தவள். தலை நரைத்த பிறகும் ஊருக்கு அவள் சிலோன்காரிதான். போன சித்திரையில் மலையின் பதில் நாலாம் லயத்துக்கு அடியிலிருந்து வரத் தொடங்கியது. அந்த லயத்தில் அவள் மகள் ஆனந்தி கைக்குழந்தையோடு இருந்தாள். மற்ற வீடுகளில் இருந்ததெல்லாம் கப்பலில் கூட வந்தவர்களும் அவர்கள் பெற்றதுகளும். அன்றிலிருந்து குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

பஞ்சாயத்தில் காலாவஸ்தை கமிட்டி என்று பருவநிலைக்கு ஒரு கமிட்டி இருந்தது. புலம்பெயர்ந்து வந்த பெண்களின் அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரவே, வார்டு மெம்பர் சோனா அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். நாற்காலி கிடைத்தது, பொன்னாடை கிடைத்தது, பேச்சு மட்டும் கடைசியில் என்றார்கள். கடைசி வருவதற்குள் பஸ் போய்விடும். கூட்டத்துக்குக் கூட்டம் இதே கதை. ஒரு நாள் யாரோ, அந்தச் சேச்சி பாட்டுப் பாடட்டுமே என்றார்கள். அது பாட்டு இல்லை என்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை; எழுந்து நின்று குரல் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து மேஜைக்கு அடியிலிருந்து "பொலி" என்று வந்தது. மண் ஆராய்ச்சி ஆபீசர் காலைத் தூக்கிக்கொண்டார். நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மழை பிடித்ததும் நாலாம் லயத்தைக் கேம்புக்கு மாற்றிவிடலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். குருவம்மாள் சோனாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கேம்புனு மட்டும் சொல்லிராதீங்க மெம்பரம்மா," என்றாள் வெளியே வந்து. "கேம்புனா எங்க ஆளுக ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாக. எங்கம்மாகிட்ட ஒரு வாரம்னு சொல்லித்தான் கப்பல்லருந்து கேம்புல எறக்குனாக. நான் அங்கனயே பெரிய மனுசி ஆனேன்."

"பின்ன எந்து சொல்லணும் சேச்சி?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். பெரட்டுத் தப்ப அடிங்க."

விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிப்பதுதான் பெரட்டு. சிலோனில் அதற்குத் தப்புப் பறை அடித்துக் கூப்பிடுவார்கள். இங்கே முதலில் சங்கு ஊதியது, இப்போது போனில் மெசேஜ் வருகிறது. சோனாவுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

ஆடியில் மழை பிடித்தது. வேலைக்கு லீவு விட்டார்கள். பஞ்சாயத்து ஜீப்பில் மைக் கட்டி, கேம்புக்கு வாருங்கள் என்று மலையாளத்திலும் தமிழிலும் அழைத்தார்கள். நாலாம் லயம் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனந்தி ஜன்னல் வழியாக, "போனா வீட்டப் பூட்டிருவாகம்மா. பெறகு எந்த வீடுன்னு வந்து நிக்க?" என்றாள். பெற்ற தாய், கேம்புக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். குருவம்மாளுக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நனைந்துகொண்டு திரும்பினாள். அந்த நாளை நினைத்தால் அவளுக்கு இன்றும் தன் மீதே வெறுப்பு வரும்.

மறுநாள் விடியும்போது சோனா மாரியம்மன் கோயில் தப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். ஈரத்தில் தோல் தொய்ந்திருந்தது. குருவம்மாள் அடுப்பில் காட்டிச் சூடேற்றி, பெரட்டுக் களத்தில் நின்று தானே அடித்தாள். கதவுகள் திறந்தன. தப்புச் சத்தத்தையே கேட்டிராத, இங்கே பிறந்த பிள்ளைகள்கூட ஏன் என்று தெரியாமல் எழுந்தார்கள். கூடையை முதுகில் மாட்டி, படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஆனந்தியும் நின்றாள். எந்தக் காடு என்று யாராவது சொல்லக் காத்திருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் மலை இறங்கி நாலாம் லயத்தை எடுத்துக்கொண்டு போனது. கலைந்து போகச் சொல்லும்வரை வரிசை அப்படியே நின்றது.

பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அது கேம்புதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் என்றார்கள். மறுநாள் காலை, கஞ்சிக்குப் போட முற்றத்து முருங்கையில் கை வைக்கும் முன் ஆனந்தி பழக்கத்தில் "பொலி" என்றாள். பதில் உடனே வந்தது, தரைக்கு அடியிலிருந்து இல்லை, வகுப்பறைக்குள்ளிருந்து, அவர்கள் படுத்திருந்த மூலையிலிருந்து, தூங்குகிறவர்களை எழுப்பாத மாதிரி மெல்ல. இருந்த இடம் போன பிறகு அது வேறு எங்கே போகும்? ஆபீசர் வந்து சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

"பாயக் கொஞ்சம் தள்ளிப் போடு," என்றாள் குருவம்மாள். "அதுக்கும் எடம் வேணும்ல."

ஆனந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாயைத் தள்ளிப் போட்டாள்.