பதம் வைக்காத சுத்தியல்

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவள் புருஷனுக்கு லீவு நாளென்றால் கை அரிக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பிரேக் டிரம்முக்குள் கரியைக் கொட்டி, அவளுடைய முடி உலர்த்தும் மெஷினால் காற்று ஊதி, தண்டவாளத் துண்டொன்றைப் பட்டறைக்கல்லாக்கி எதையாவது அடித்துக்கொண்டிருப்பார். உளி, கொக்கி, தாழ்ப்பாள் என்று தொடங்கி, இந்தத் தடவை சுத்தியல்.

இரும்பு அவள் தம்பி கொடுத்தது. லாரி ரிப்பேர் ஷெட்டில் வேலை செய்கிறவன். உடைந்த அச்சிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்து, "மாமா, எனக்கு நல்லதா ஒரு சுத்தியல் அடிச்சுக் கொடுங்க. எங்கிட்ட இருக்கறது கிழவன் பல்லு மாதிரி ஆடுது" என்றான்.

அவளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டிலேயே ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். சூட்டுக்கு அஞ்சாத கை. தணலாகச் சிவந்த துண்டை அவள் குறடால் இறுக்கிப் பிடிக்க, அவர் அடித்துச் சதுரமாக்கினார். கைப்பிடிக்குத் துளை போடும்போதுதான் சண்டை.

"கோணுது, திருப்பு! திருப்பும்மா!"

"திருப்பிட்டேன், கத்தாதீங்க!"

கடைசியில் உருவாகி வந்த சுத்தியல் தலையைப் பார்த்து இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அவர் அதை மறுபடியும் சிவக்கக் காய்ச்சி, அடிக்கும் முகத்தைத் தண்ணீரில் தோய்த்தார். சுர்ரென்ற சத்தம் அடங்கி இரும்பு ஆறியதும் சமையலறைக்கு வந்தார்.

"உன் ஓவன்ல இத கொஞ்ச நேரம் வைக்கணும்."

"ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு. அந்தக் கரிநாத்தத்த உள்ள விட்டா எவன் வாங்குவான்? மத்தியானம் வைங்க."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஈரம் காயத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் அதை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, கைப்பிடிக்குக் கட்டை வாங்க மரக்கடைக்குப் போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கம் போக, தம்பி இந்தப் பக்கம் வந்தான்.

"முடிஞ்சிடுச்சா? கொடுக்கா. பழைய கைப்பிடி ஷெட்டுல கெடக்கு, நானே போட்டுக்கறேன். ஒரு பின்னு நகர மாட்டேன்னு உயிரை வாங்குது."

தன் கையாலேயே துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

கட்டையோடு திரும்பியவர் வெறும் தரையைப் பார்த்தார். "எங்க அது?"

"தம்பி வந்து எடுத்துட்டுப் போனான்."

அவருக்குப் பேயறைந்த முகமாகிவிட்டது. "அதுக்கு இன்னும் பதமே வைக்கலியே! தோய்ச்ச இரும்பு கண்ணாடி மாதிரி. இளஞ்சூட்டுல வச்சு எடுத்தாத்தான் அந்த முறுக்கு அடங்கும். அப்படியே எஃகு மேல அடிச்சான்னா சில்லு பேந்து துப்பாக்கி ரவை மாதிரி பாயும். கண்ணுல..."

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. வேலையில் இறங்கினால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். போன் அந்தச் சட்டைப் பையில் கிடக்கும். ஷெட்டில் வேறு யார் நம்பரும் இவர்களிடம் இல்லை. அவள் ஓவனை அணைத்துவிட்டு, மாவு படிந்த கையையும் முகத்தையும்கூடக் கழுவாமல் அவர் கிளப்பிய ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டாள்.

வழியெல்லாம் கணக்குப் போட்டாள். கைப்பிடியைச் செதுக்க வேண்டும். ஆப்பு அடிக்க வேண்டும். நடுவில் யாராவது டீக்குக் கூப்பிடக் கூடாதா? சோம்பேறி, சோம்பேறி என்று அவனை எத்தனை நாள் கரித்துக் கொட்டியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு நாள் சோம்பேறியாக இருடா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று வேண்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

"போறேன்ல!"

ஷெட் இருக்கும் தெருவுக்குள் திரும்பியபோதே காதில் விழுந்தது. ணங். ணங். ஒவ்வொரு அடியும் அவள் மண்டையில் இறங்கியது. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய லாரிக்குப் பக்கத்தில், வெற்று மேலோடு, முழங்காலிட்டுக் கையை ஓங்கியிருந்தான்.

"அடிக்காதடா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "என்னக்கா, வீட்டுல யாருக்காவது ஏதாவதா?"

அவர் சுத்தியலைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். முகத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு பேந்து பளபளத்தது.

"இந்தச் சில்லு எங்க?"

"எந்தச் சில்லு மாமா?"

அவள் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "கண்ணத் திற. இந்தக் கண்ணு. அந்தக் கண்ணு." கண் இரண்டும் இருந்தன. கன்னம், கழுத்து, காது என்று தடவிப் பார்த்தாள். தோளில் கிரீஸ் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தால், துணியில் கறுப்போடு சிவப்பும் வந்தது. காறை எலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு துளை.

"எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு. தட்டிவிட்டுட்டேன்" என்றான் அவன், அதைக் குனிந்து பார்க்க முயன்றபடி. பார்த்ததும் அவனுக்கும் முகம் வெளுத்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோலுக்குச் சற்று உள்ளே வெள்ளைப் புள்ளியாக அது உட்கார்ந்திருந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை, பெரிய ரத்தக் குழாயையும் தொடவில்லை என்று டாக்டர் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு, கீறி எடுத்துத் தட்டில் போட்டார். டிங் என்றது.

"யார் செஞ்ச வேலை இது?"

"நான்தான்" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில்.

வெளியே பெஞ்சுக்கு வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது. "ஒரு வார்த்தை எதுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?" "கேட்ட உடனே ஓவனக் கொடுத்திருக்கலாம்ல?" அவர் சட்டென்று நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இருபது வருஷத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள்.

கட்டுப் போட்டுக்கொண்டு தம்பி வெளியே வந்தான். அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவன் ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"என்னைத் தெரியுதா?"

அவன் தலையை மெல்ல அசைத்தான். "அக்கா... ஒண்ணுமே தெரியலியேக்கா."

அவர் பதறி எழுந்தார்.

"மூஞ்சி பூரா மாவு. அக்காவா, பேயான்னு எப்படித் தெரியும்?"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அவன் முதுகில் விழுந்த அடியின் சத்தத்துக்கு, வராந்தாவில் இருந்த நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். அடித்தவள் அழுதுகொண்டிருந்தாள், அடிபட்டவன் சிரித்துக்கொண்டிருந்தான்.