மஞ்சள் மூடியும் ஒற்றை இலையும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் செடிச் சங்கத்து வெர்லின் ஒரு பாட்டில் டானிக் தண்ணீரை, அதாவது கசப்புச் சோடாவைத் தூக்கிக்கொண்டு ஆர்டிஸ் வீட்டு நிலவறைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் கூடவே போனேன். இதைத்தான் கதை எழுதும் எங்கள் ஆட்கள் உத்வேகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் வரியாக இதை எழுதி வைத்திருந்தேன்: ‘அமெரிக்காவின் வடக்கே, டுலுத்தில் ஏரி உறைந்துகிடந்த பிப்ரவரியில், பூமிக்கடியில் ஒரு சூரியன்...’

அடித்துவிட்டேன். செடி வளர்க்கும் விளக்கை விளக்கு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

2

ஆர்டிஸ் லுண்ட்கிரென் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வயலட் வளர்ப்போர் சங்கத்தில் யாருக்கும் அடங்காதவர். தானே மகரந்தம் சேர்த்து அவர் உருவாக்கிய ஆப்பிரிக்க வயலட் பூச்செடிக்கு ‘பனி உடையும் நாள்’ என்று பெயர் வைத்திருந்தார். வெள்ளைப் பூ, விளிம்பில் நீலம். உலகத்திலேயே அது ஒரே ஒரு தொட்டியில்தான் இருந்தது.

சங்கத்தில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. புது வகை எதையும் ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஓர் இலையைக் கிள்ளி நண்பரிடம் கொடுத்தால் அவர் அதை மண்ணில் செருகி இன்னொரு செடியாக்கிவிடுவார். உங்களுடையது செத்தால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஆர்டிஸ் யாருக்கும் கொடுக்கவில்லை. மே மாதக் கண்காட்சிக்குச் செடி முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓர் இலை குறைந்தாலும் பரிசு போய்விடும். இப்போது அந்தச் செடி, இலைகள் பழுப்பேறி, நடுக்குருத்து இறுகி, செத்துக்கொண்டிருந்தது.

3

[முதல் வரைவில் வெர்லினை வில்லனாக்கியிருந்தேன். எல்லாக் கண்காட்சியிலும் ஆர்டிஸுக்குப் போட்டி அவர்தான். இலை திருட வருகிறார் என்று வைத்தால் கதை தானாக ஓடும். ஆனால் திருட வருகிறவர் பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைப்பாரா?]

“என்ன, என் செடி சாகுறதப் பாக்க வந்தியா?” என்றார் ஆர்டிஸ்.

“சாகலன்னா திரும்பிப் போயிடறேன். இந்த விளக்க எங்க வாங்கின?”

“விளக்கு வெளிச்சத்துல கீரை வளத்த பண்ணைய இழுத்து மூடுனாங்கல்ல, அங்கதான். நல்ல எல்இடி.”

“அவங்க சிவப்புக் கீரை போட்டவங்க. கீரை நல்லாச் சிவக்கணும்னு உள்ள யூவியும் சேத்து வெச்சிருப்பாங்க. வயலட்டு அதத் தாங்காது.”

வெர்லின் ஒரு கோப்பையில் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் டானிக் தண்ணீரும் ஊற்றி விளக்கின் கீழே வைத்தார். குழாய்த் தண்ணீர் சும்மா இருந்தது. டானிக்கின் மேற்பரப்பில் மெல்லிய நீலம் ஒளிர்ந்தது. யூவி, அதாவது புற ஊதாக் கதிர் பட்டால் டானிக்கில் இருக்கும் குயினைன் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.*

“இதுக்கு யூவிய மறைக்கிற ஒரு மூடி இருந்திருக்கணுமே? அறுப்புக்கு முன்னாடி மட்டும்தான் அதக் கழட்டுவாங்க.”

“இருந்துச்சு. மஞ்சளாகி அசிங்கமாக் கெடந்துச்சு. வெளிச்சத்த அதுவே தின்னுடுதேன்னு கழட்டிட்டேன். அப்புறம் செடி சுருங்குச்சு. வெளிச்சம் இன்னும் பத்தலையோன்னு விளக்கக் கீழ இறக்கினேன்.”

“அடிப்பாவி! செடி மேல விழ வேண்டிய அடியெல்லாம் வாங்கித்தான் அது மஞ்சளாச்சு.”

ஆர்டிஸ் குனிந்து தேடினார். எதையும் தூக்கிப் போடாதவர் என்பதால் மூடி சலவைத் தொட்டிக்கு அடியிலேயே இருந்தது. மாட்டினார். கோப்பையில் நீலம் அணைந்தது. நிம்மதியில் நான் கைதட்டிவிட்டேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

* எல்லா எல்இடியும் இப்படியில்லை. உங்கள் வீட்டு விளக்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

4

மேலிலைகளின் நிழலில் ஒளிந்திருந்ததால் அடியில் ஒரே ஓர் இலை மட்டும் பச்சையாகத் தப்பியிருந்தது.

“கிள்ளு” என்றார் வெர்லின்.

“வட்டம் போயிடுமே. குருத்து பொழச்சிடுச்சுன்னா?”

“பொழைக்கலன்னா? வெறும் வட்டத்த வெச்சு என்ன பண்ணுவ?”

ஆர்டிஸின் உதடு

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அவர் அழுதார். அவ்வளவுதான்.)

கிள்ளினார். இலையை வெர்லினிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்கிட்ட வேணாம்மா. மே மாசம் நான் ஜெயிச்சா, இலையக் குடுத்து ஏமாந்தேன்னு காலம்பூரா சொல்லிக் காட்டுவ. இவங்ககிட்ட குடு, சும்மா கதை எழுதிட்டுத்தான இருக்காங்க.”

ஆர்டிஸ் என் கையில் வைத்தார். “இது செத்துச்சுன்னா, நீ எந்தக் கதையும் எழுத மாட்ட.”

5

ஒரு முடிவு: மூடிக்குக் கீழே குருத்து விரிகிறது, மே மாதம் செடி பரிசில்லாத மேசையில் பூத்து நிற்கிறது. இன்னொரு முடிவு: செடி போய்விடுகிறது, என் ஜன்னலில் இருக்கும் இலை அதைத் திருப்பித் தருகிறது. மூன்றாவதும் உண்டு. அதை எழுத மாட்டேன்.

இப்போதைக்கு இலை விறைப்பாக நிற்கிறது. வேர் விட்டதா என்று தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, பார்க்கவில்லை. எது நடந்தாலும், ‘பனி உடையும் நாள்’ என்று ஒரு பூ இருந்ததை நான் ஒருவர் மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதாது. சங்கத்தின் சட்டம் உங்களுக்கும் தெரியும்: ஒரே வீட்டில் வைக்கக் கூடாது.

கையை நீட்டுங்கள். காம்பு கீழே இருக்கட்டும்.