அப்பாவுக்கு வந்த அட்மிஷன்

ஏழு கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அறுபத்து நாலு வயதில் தன்னை மேல்படிப்புக்கு வா வா என்று கையைப் பிடித்து இழுத்தது என்றும், விண்ணப்பமே போடாமல் இடம் தந்தது என்றும், விடுதியில் குளத்தைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறையை ஒதுக்கி வைத்தது என்றும், போனால் போகிறதென்று அந்த இடத்தைத் தான்தான் மகளுக்கு விட்டுக்கொடுத்ததாகவும் டிரங்க்கால் என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவெட்டும் கடையில் சொன்னார். வங்கி வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்குச் சொன்னார். பல் டாக்டர் வாயில் பஞ்சை அடைத்த பிறகும் மீதிக் கதையைக் கண்ணாலேயே சொல்லி முடித்தார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. அவர் டிரங்க்காலின் மனைவிக்குத் தம்பி. பதிவு அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கிற வேலை. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்பார், அதனால் குடும்பத்தில் அவர் பெயரே ஆதாரம். கல்யாணப் பத்திரிகையைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் மணமேடை ஏறினார் என்று டிரங்க்கால் சொல்வதுண்டு. அது ஒன்று மட்டும் நிஜம் என்று அவருடைய அக்காவே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

டிரங்க்காலுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் அவர் வாயைத் திறந்தால் தெரியும். தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர். ஊருக்குப் பாதி லைன் செத்துக் கிடந்த, வெளியூருக்கு டிரங்க்கால் போட்டுக் கத்த வேண்டியிருந்த காலத்தில் பேசிப் பழகிய குரல் அது. அவர் ரிசீவரை எடுப்பதே மரியாதைக்காகத்தான், இல்லாவிட்டாலும் எதிர்முனைக்குக் கேட்கும். அந்த வீட்டில் இருபத்து மூன்று வருடம் வளர்ந்த ஒரே மகளுக்குக் கட்டடங்களில் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று வெளிநாட்டில் போய்ப் படிக்கத் தோன்றியதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள். ஒன்றின் விளம்பரப் புத்தகத்தில் வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு கோபுரம். மற்றதில் ஒரு குளம், குளத்தில் ஏழு வாத்து. பல்கலைக்கழகங்களின் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் வீட்டில் ஒன்று கோபுரம் ஆயிற்று, மற்றது வாத்து ஆயிற்று.

வினை படிவத்தில் ஆரம்பித்தது. நம்மிடம் இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் எழுத்து. படிவமோ குடும்பப் பெயர் கேட்டது. மகள் தன் இனிஷியலைப் போட்டாள். ஓரெழுத்தெல்லாம் பெயராகாது என்று பெட்டி சிவந்தது. சரியென்று அப்பாவின் பெயரை முழுதாக அடித்தாள். பெட்டி பச்சையானது. அடுத்து, படிப்புக்குப் பொறுப்பேற்கும் பெற்றோரின் படிவம். அதிலும் குடும்பப் பெயர் வேண்டுமாம். டிரங்க்கால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பெட்டியிலும் தன் பெயரையே அடித்தார்.

"குடும்பப் பேருன்னா வேற யார் பேரு? நான்தான குடும்பம்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் இங்க வாடகைக்கா இருக்கோம்?" என்றாள் மனைவி.

டிரங்க்கால் தன் புகைப்படத்தையும் ஏற்றி, அனுப்பு என்பதை ஒரே தட்டாகத் தட்டினார். அந்தத் தட்டில் மேஜையிலிருந்த தண்ணீர் செம்பு இரண்டு அங்குலம் நகர்ந்தது.

ஏழு வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு இடத்தின் இணையதளத்திலும் பதில் வந்தது. கோபுரம் மகளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் அவள் பெயர் நீளம், அவர்கள் பெட்டி குட்டை. கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. வாத்தும் இடம் கொடுத்திருந்தது. யாருக்கு என்று பார்த்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பெயர் அப்பாவுடையது. பிறந்த தேதி அப்பாவுடையது. அடையாள அட்டைக்காக என்று எடுத்து ஒட்டியிருந்த படத்தில், மீசைக்கு மை பூசிய முகத்தோடு அப்பா. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு படிவம் போகவும், அங்கே யாரோ இரண்டையும் ஓர் ஆளாக்கி, மகளின் மதிப்பெண்ணைத் தூக்கி அப்பாவின் தலையில் வைத்துவிட்டார்கள். ஆண்கள் விடுதியில் குளம் பார்த்த அறை வேறு.

டிரங்க்கால் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று முறை படித்தார். பிறகு போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு முறை படித்தார்.

"ஹாஸ்டல்ல துணி யாரு துவைப்பா?" என்று மனைவி கேட்டாள்.

சிரித்து முடித்ததும்தான் மகள் காலண்டரைப் பார்த்தாள். பத்து நாளில் விசா நேர்காணல். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் கடிதத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் போச்சு. இரண்டு கடிதமும் உதவாது. இரண்டு இடத்தில் எதற்குப் போவது என்றும் அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆதாரத்துக்கு அதில் சந்தேகமே கிடையாது. தரவரிசைப் பட்டியலை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு வைத்திருந்தார். கோபுரம் உலகத்திலேயே பதினொன்றாவது இடமாம். வாத்தைத் தேட அவர் மூன்றாம் பக்கம் வரை போக வேண்டியிருந்ததாம். அத்தானுக்கு அட்மிஷன் வந்த சேதியைத் தொலைபேசியில் கேட்டபோது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அளக்காதீங்க." ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை மகள் அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா நடக்கிறப்ப எல்லா ஆபீசும் நல்ல ஆபீஸ்தான், புகார் குடுத்துப் பாத்தாத்தான் முகம் தெரியும்னு நீங்க சொல்லிச் சொல்லி என் காதே தேஞ்சு போச்சுப்பா. இப்ப குடுங்க. ரெண்டு இடத்துக்கும்."

ரிட்டையர் ஆகி ஆறு வருடமாகப் புகார் வாங்காமல் வாடிப் போயிருந்த மனிதருக்கு, புகார் கொடுக்கும் பாக்கியம். மறுநாள் காலை பத்து மணிக்கு மகளின் செல்போனை மேஜை நடுவில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, பக்கத்தில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு ஜன்னல் முன்னெச்சரிக்கையாகச் சாத்தப்பட்டது.

முதலில் கோபுரம்; அந்த நாட்டில் அப்போது பட்டப்பகல். பதிவு செய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்றது. அழுத்தினார். பிறகு இசை. அந்த இசையைக் கேட்டுக் கேட்டு டிரங்க்காலுக்கு ஒரு விரற்கடை தாடி வளர்ந்தது. நாற்பதாவது நிமிடம் லைன் செத்தது. மெயில் போட்டார்கள். உங்கள் கடிதம் எங்களுக்கு மிக முக்கியம், பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்று அரை நொடியில் பதில் வந்தது. அதிலும் மகள் பெயருக்கு வால் இல்லை. மறுபடி போட்டார்கள்; இந்த முறை மூன்று எழுத்தைக் காணோம். இன்னும் நாலு மெயில் போட்டிருந்தால் பெற்ற பிள்ளையே இல்லாமல் போயிருப்பாள் என்பது டிரங்க்காலின் கணிப்பு.

சாயங்காலம் நாலு மணிக்கு, வாத்தின் நாட்டில் விடிந்து அலுவலகம் திறந்த பிறகு, அடுத்த அழைப்பு. நாலு முறை மணி அடித்ததும் ஒரு பெண்மணி எடுத்தாள். பதிவு எண்ணைக் கேட்டாள், சொன்னார். எழுத்துகள் தட்டுகிற சத்தம் கேட்டது. உடனே அவள், புது மாணவரே, வாழ்த்துகள், உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

இங்கேதான் டிரங்க்கால் சறுக்கினார். முழுதாக ஒரு நிமிடம் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டார். அறையில் காலை வெயில் வருமா என்று கேட்டார். வாத்து கடிக்குமா என்றும் கேட்டார். மேஜைக்கு அடியில் மகள் காலை மிதித்த பிறகுதான் பூமிக்கு இறங்கி, படிக்கப் போவது தான் இல்லை, மகள் என்று சொன்னார். பாதி உடைந்த குரலில்தான் சொன்னார்.

அந்தப் பெண்மணி முதலில் லைனில் ஏதோ கோளாறு போல, சத்தம் அதிகமாக வருகிறது என்றாள். கோளாறு இல்லை, அதுதான் அப்பா என்றாள் மகள். பிறகு அந்தப் பெண்மணி, உங்கள் பெயர் எப்படி உங்கள் மகளுக்குக் குடும்பப் பெயர் ஆனது என்று நிதானமாகக் கேட்டாள். டிரங்க்கால் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் களத்தில் இறக்கினார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பன் ஓரெழுத்தாகக் காவலுக்கு நிற்பான். அவ்வளவுதான் அவன் வேலை. உங்கள் படிவம் அந்தக் காவல்காரனைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னது. போனவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

எதிர்முனையில் அந்தப் பெண்மணி சிரித்தாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில் யாரோ ஓர் ஆணும் சிரித்தான். காவல்காரரை மரியாதையாக வெளியே கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டினாள். திரும்பப் படித்துக் காட்டியதும் டிரங்க்கால் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். புகார்ப் பிரிவில் அதைச் செய்கிற ஆள் ஆயிரத்தில் ஒருவர்.

மறுநாள் காலை திருத்திய கடிதம் வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து மகள்.

"நான் வாத்துக்கே போறேன்பா," என்றாள் அவள்.

புகாரை உடனே கவனித்தார்கள் என்பதற்காகவா என்று கேட்டார் டிரங்க்கால்.

"அதுவும்தான். ஆனா அந்த ஆளு பின்னாடி சிரிச்சது கேட்டீங்களா? நீங்க அந்தக் கத்து கத்துறீங்க, அவங்க பேசுறாங்க, அவரு தூரத்துல சிரிக்கிறாரு. மூணும் தனித்தனியா கேட்டுச்சு. எதிரொலியே இல்ல. அந்த ரூமை யாரோ யோசிச்சுக் கட்டியிருக்காங்க. எனக்கு அவங்ககிட்டதான் படிக்கணும்."

தன் குரலையே தாங்கிய அறை என்று கேட்டதும் டிரங்க்காலுக்கு வேறு ஆட்சேபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆதாரம் வந்தார். அதற்குள் பழைய கடிதம் இணையதளத்திலிருந்து மறைந்து, அந்த இடத்தில் புதியது உட்கார்ந்திருந்தது. டிரங்க்கால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அதில் அவருடைய கட்டைவிரல் மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தது. அக்காவும் மருமகளும் சாட்சி சொன்னார்கள். வேண்டியவர்கள் சாட்சி செல்லாது என்றார் ஆதாரம்.

"அசலைக் காட்டுங்க அத்தான், ஒத்துக்கறேன்."

கோபுரத்தைக் கைவிட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் மருமகளின் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி, நகலுக்கு மேல் அசல் என்று வரிசைப்படுத்தி, கோப்பில் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். விசா அதிகாரி அந்தக் கோப்பைப் பார்த்து எழுந்து நின்றார் என்று டிரங்க்கால் சொல்கிறார். புன்னகைத்தார் என்று மகள் சொல்கிறாள். எப்படியோ, விசா வந்தது.

மகள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது வாத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. வழியனுப்புவதற்கு முன் எடை பார்க்க வந்த ஆதாரம், பெட்டியைத் தராசில் வைத்துக் குனிந்திருந்தார். பொட்டலத்தில் வரைபடம், விடுதி விதிகள், மகளின் படத்தோடு அடையாள அட்டை. அதன் பின்னால் இன்னொரு அட்டை. கூடவே அந்தப் பெண்மணியின் கையெழுத்தில் நாலு வரி: முதல் அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, விதிப்படி ரத்து செய்தாயிற்று, காவல்காரருக்குப் பிடிக்குமென்று அனுப்புகிறேன். வாத்து கடிக்காது.

டிரங்க்கால் வாழ்நாளில் முதல் முறையாகச் சத்தமே போடாமல் அட்டையை மச்சானிடம் நீட்டினார்.

ஆதாரம் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மை பூசிய மீசையைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்து முத்திரையைப் பார்த்தார். அட்டையின் வலது மூலை சீராக வெட்டப்பட்டிருந்தது. அதை விரலால் தடவினார், இன்னொரு முறை தடவினார். தேநீர் கொண்டுவந்த அக்கா தட்டோடு அப்படியே நின்றாள்.

"மூலையை வெட்டியிருக்காங்க," என்றார் ஆதாரம் மெதுவாக. "போலியை யாரும் ரத்து பண்ண மாட்டாங்க."

கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"நடந்திருக்கு, அத்தான்."