தோள்பட்டைப் பூட்டில் எண்ணெய்

பாலசுப்பிரமணியம் அதை முதலில் மூக்கால்தான் கண்டுபிடித்தார். தீவில், ஹேடோ துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில் ஆறு பாராசூட்டுகள் வரிசையாகத் தொங்கின. நாலாவதன் தோள்வாரைத் தூக்கிப் பார்த்தபோது எண்ணெய் வாசம் அடித்தது. அந்த இடத்தில் அவர் ஒருநாளும் எண்ணெய் போட்டதில்லை.

1974 ஜனவரி. குடியரசு தின விழாவில் விமானத்திலிருந்து குதித்துக் காட்ட மெட்ராஸிலிருந்து ஆறு பேர் கப்பலில் வந்திருந்தார்கள். அவர்களுடைய சாமான்களைப் பராமரிப்பது பாலசுப்பிரமணியத்தின் வேலை. அதிலும் தோள்பட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ரிலீஸ்மேல்தான் அவருக்கு எப்போதும் கண். ரிலீஸ் என்பது ஒரு சின்ன இரும்புப் பூட்டு. இறங்கியதும் மூடியைத் தள்ளி, உள்ளே இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலால் இழுத்தால் குடை ஆளைவிட்டுக் கழன்றுவிடும். கழலாவிட்டால் காற்றில் உப்பிய குடை ஆளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். ஒத்திகையில் பாதிப் பேர் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் பக்கம் கடலில்தான் விழுந்தார்கள். அதனால் தினமும் ரிலீஸை நல்ல தண்ணீரில் அலசி, பிரஷ் போட்டு, நிழலில் உலர்த்துவார். எண்ணெய் மட்டும் கூடாது. எண்ணெயில் மணல் ஒட்டும், மணல் சேர்ந்தால் வளையம் சிக்கும்.

நாலாவது பாராசூட்டின் வளையம் ஏற்கெனவே லேசாகச் சிக்கியது.

கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று காவல்காரர் சேக் தாவூத்திடம். கிடங்கு வாசலில் கருவாடு காயப்போட்டதற்காகப் போன வாரம்தான் தாவூத்தைப் பாலசுப்பிரமணியம் சத்தம் போட்டிருந்தார். அந்தக் கோபமாக இருக்குமோ?

"தாவூத் பாய், நான் இல்லாதப்போ யாராவது உள்ளே வந்தாங்களா?"

"உங்க ஆளுங்க வருவாங்க, போவாங்க. நான் எதுக்கு சார் பூச்தாச் பண்ணி விசாரிக்கணும்?"

"உங்க சாவியைக் குடுங்க."

தாவூத் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சட்டென்று கொடுத்ததும் பாலசுப்பிரமணியத்துக்குக் கள்ளத்தனமாகவே பட்டது.

ரிலீஸைச் சுத்தம் செய்து, மூடியின் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டிவைத்தார். மறுநாள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்வர அரைமணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. புது எண்ணெய். அந்த அரைமணி நேரமும் கதவைப் பூட்டாமல் போனது அவர்தான். தாவூத்தோ காலையிலிருந்து படகுத்துறையில் நிற்கிறார்.

விரலை முகர்ந்து பார்த்தார். தையல் மெஷின் எண்ணெய். நேரே நாகூர் கனியின் மளிகைக் கடைக்குப் போனார்.

"மெயின்லேண்டு ஆள் ஒருத்தர் வாங்கினாரு," என்றார் நாகூர் கனி. "நல்ல உசரம். புருவத்துல தழும்பு. வீட்டுல மெஷின் இருக்கான்னு கேட்டேன், சிரிச்சாரு."

குதிக்க வந்த ஆறு பேரில் புருவத் தழும்பு உதயசூரியனுக்குத்தான். நாலாவது பாராசூட்டில் குதிப்பவரும் அவரேதான். தன் பாராசூட்டைத் தானே கெடுப்பானா ஒருவன்? பழியை என் தலையில் போடப் பார்க்கிறானா? அந்தக் கேள்வியோடு போய் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

"ஆமா, நான்தான்," என்றார் உதயசூரியன். "உப்புத் தண்ணியில பூட்டு இறுகிடும்னு போட்டேன். உங்க வேலையை நான் நம்பலை."

"ஏன்?"

"போன வருஷம் என் கூட்டாளியை ஓடுபாதையில குடை இழுத்துட்டுப் போச்சு. இடுப்பெலும்பு போச்சு. பூட்டுக்குள்ள ஆறு மாசத் துரு. செக் பண்ணினதா கார்டுல மட்டும் மாசாமாசம் கையெழுத்து."

"அதைப் போட்டது நான் இல்லையே."

"இல்ல. அந்த ஆளும் உங்களை மாதிரி அமைதியான ஆளுதான்."

 பாலசுப்பிரமணியம் ரிலீஸைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து நீட்டினார். கறுப்புப் பசை, நடுவே மணல்.

"இது துரு இல்லை. நீங்க ஊத்தினது."

உதயசூரியன் பசையை விரலால் தேய்த்து மணலைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூட உட்கார்ந்தார். பெட்ரோலில் கழுவி, தண்ணீரில் அலசி முடிக்க மத்தியானமாகிவிட்டது.

சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாவூத் கை நீட்டவில்லை. "நான் தப்பா நினைச்சிட்டேன் பாய்," என்றார் பாலசுப்பிரமணியம். "தெரியும் சார். சாவிக்கு வேற ஆள் பாருங்க," என்றார் தாவூத். குரலில் கோபம்கூட இல்லை.

விழா அன்று காற்று பலமாக இருந்தது. உதயசூரியன் கடலில் விழுந்தார். குடை உப்பி அவரைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போவதைக் கரையிலிருந்து பார்த்தார் பாலசுப்பிரமணியம். நான் போனபிறகு மறுபடி எதையாவது தடவியிருப்பாரோ என்றுதான் அவருக்கு அப்போதும் தோன்றியது. சட்டென்று குடை தளர்ந்து தண்ணீரில் படிந்தது.

படகிலிருந்து இறங்கிய உதயசூரியன், "ரெண்டு பூட்டும் திறந்துச்சு," என்றார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "நாளன்னைக்கு பாம்பூஃப்ளாட்ல இன்னொரு தடவை குதிக்கறதுக்கு முன்னாடி என் கண்ணு முன்னால கழற்றிக் காட்டுங்க."

"ஒன்பது மணிக்கு வாங்க," என்றார் பாலசுப்பிரமணியம்.

அன்றைக்கு உதயசூரியன் எட்டரைக்கே வந்து காத்திருந்தார். இரண்டு வளையங்களையும் தன் கையால் மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் தோளில் மாட்டிக்கொண்டார்.