மடித்து வைக்கிற மிதவை

காசிமாயனுக்கு அலுப்புத் தட்டி வெகுநாளாகியிருந்தது. கிணற்றில் முங்கி புட்வாலைச் சரிசெய்வது அவன் தொழில். மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் அடிவாய் அது. ஒரு சருகோ கந்தல் துணியோ சிக்கினால் போதும், மோட்டார் வெறும் காற்றைக் குடித்துவிட்டுக் கத்தும். உடனே காசிமாயனைக் கூப்பிட ஆள் வரும். ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம் வரைக்கும் அவன் முங்காத கிணறு கிடையாது. வரமாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நல்ல குணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. மறுத்துப் பேசவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவனிடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கீழே இருக்கிற கிணறுகளால் தொந்தரவில்லை. மூச்சு முட்டி மேலே வந்தால் பிடித்துக்கொள்ளப் படிக்கல் இருக்கும். மலையில் ஏலத்தோட்டத்துக் குளம் அப்படியல்ல. ஓடையை மறித்து வெட்டிய குழி, சுற்றிலும் வழுக்குக் களிமண். போன மாதம் போடிமெட்டுக்கு மேலே அப்படியொரு குளத்தில் முங்கி வந்தவன் கரையைப் பிடித்தான். கரை கையோடு வந்தது. திரும்பப் பிடித்தான், திரும்பவும் வந்தது. கடைசியில் வேலையாட்கள் வேட்டியை வீசி இழுத்துப் போட்டார்கள்.

வீட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தபோது நகக்கண்ணில் ஏறியிருந்த செம்மண்ணை அவன் பெண்டாட்டி வேலுத்தாய் பார்த்துவிட்டாள்.

"என்னத்தய்யா பெறாண்டுன?" என்றாள்.

அவன் விரலை மடக்கிச் சோற்றுக்குள் ஒளித்தான். அவளுக்கும் அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. மழை ஏய்த்துவிட்டது. அதே தோட்டத்துக் கங்காணி கண்ணுச்சாமி மறுபடி வந்து நின்றார். "காசிமாயண்ணே, எஞ்சின் தண்ணி எடுக்க மாட்டேங்குது. ஏலச்செடி பூராம் சுருண்டு போச்சு. வெள்ளிக்கிழமை வந்துருங்க."

"வர்றேன்" என்றான் காசிமாயன், வழக்கம்போல.

கங்காணி தலை மறைந்ததும் வேலுத்தாய் சொன்னாள்: "பிடிச்சு மெதக்க எதுனாச்சும் கொண்டு போறதா இருந்தாப் போ. இல்லாட்டி இந்த வாசலத் தாண்டாத."

அன்றிலிருந்து அவனுக்கு மிதவை தேடுகிற சோலியும் கூடிப்போனது. மிதக்கவும் வேண்டும், கனக்கவும் கூடாது. தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு இறக்கிவிடுகிற இடத்திலிருந்து குளத்துக்கு நல்ல மலையேத்தம். லாரி டியூபைத் தோளில் மாட்டிப் பார்த்தான். யானையே மிதக்கும், ஆனால் ஏத்தத்தில் அதைச் சுமப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். மண்ணெண்ணெய் டின்னை அடைத்துக் கட்டலாமென்றால் அதன் முனை விலாவைக் குத்தும். காய்ந்த சுரைக்குடுக்கை காற்றளவுதான் கனத்தது, ஆனால் உடையும். ஜீப்பில் ஆள்மேல் ஆள் உட்காருவார்கள், எவளாவது அதன்மேல் உட்கார்ந்தால் அதோடு தீர்ந்தது.

கடைசியில் போடி பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற அழகுமலைதான் வழி சொன்னான். "சைக்கிள் டியூபு ரெண்டு எடுத்துக்க மாப்ளே. மடிச்சு இடுப்புல சொருகிக்கலாம். அங்க போயி ஊதிக்க."

"பம்புக்கு எங்க போக?"

"வால்வக் கழட்டிட்டு வாயால ஊது. பெறகு மாட்டிக்க." அழகுமலை தானே ஊதிக் காட்டினான், முகம் தக்காளியாய்ச் சிவந்தது. காசிமாயன் அதை ஊர்க்கிணற்றில் போட்டுக் கட்டிப்பிடித்துப் பார்த்தான், தாங்கியது. காற்றைப் பிடுங்கி மடித்தான், உள்ளங்கையில் அடங்கியது. ஒரு கவலை விட்டது என்று வீட்டுக்கு நடந்தான். தன் வாயால் ஒருதரம் ஊதிப் பார்க்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முங்கப் போகிறவன் பெண்டாட்டி அன்றைக்கு நீர்க்கரைக்கே போகக் கூடாது. அவன் திரும்புகிறவரை ஒரு குடம் தண்ணீர்கூடச் சேந்தமாட்டாள். அவன் தாயும் அப்படித்தான் இருந்தாள். அதனால் வெள்ளிக்கிழமை காலை வேலுத்தாயும் ஜீப்பில் ஏறியபோது காசிமாயன் திகைத்தான்.

"தங்கச்சியப் பாக்கப் போறேன். ஒன் கொளத்துக்கு யாரு வந்தா?" என்றாள். அவள் தங்கை சந்திரவல்லி அதே தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து வீட்டில்தான் குடியிருந்தாள்.

குளக்கரையில் காசிமாயன் டியூபை எடுத்து ஊத ஆரம்பித்தான். ஊசித் துவாரம்போன்ற அந்த வாயில் காற்று இறங்க மறுத்தது. கன்னம் வலித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பாதி நிறைவதற்குள் நெஞ்சு அடைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீருக்கடியில் வேண்டிய மூச்சையெல்லாம் கரையிலேயே செலவழித்துக்கொண்டிருந்தான். சரி, இல்லாமலே முங்கிவிடுவோம் என்று எழுந்தான். எதையும் எதிர்த்து நிற்க அவனுக்குச் சலிப்பாக இருந்தது, சாவையும் சேர்த்துத்தான்.

"குடுய்யா இங்க."

வேலுத்தாய் பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நீ இங்கன வரக் கூடாது புள்ள."

"வந்துட்டேன்ல? குடு."

தினமும் இரண்டு வேளை ஊதாங்குழலால் ஈரவிறகை எரிய வைக்கிற வாய் அது. அவள் குந்த உட்கார்ந்து, கண்ணை மூடி, சீராக ஊதினாள். டியூப் மெல்ல மெல்லத் திரண்டது. முதலாவதை முடித்து விரலால் அடைத்து வால்வை மாட்டினாள். அடுத்ததையும் ஊதி முடித்து, ரெண்டையும் ஒரு நீளக் கயிற்றின் முனையில் பிணைத்து, மறுமுனையை அவன் இடுப்பில் கட்டினாள். முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள். தனக்குப் பயமாக இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

இறங்கினான். டியூப் மேலே மிதந்தது, கீழே கும்மிருட்டு. கையால் தடவி, புட்வாலை அடைத்திருந்த சருகைப் பிய்த்தெடுத்தான். மூச்சு முடிந்தது. கயிற்றைப் பற்றி ஏறினான். மேலே வந்ததும் கரையைத் தேடாமல் டியூபில் நெஞ்சைச் சாய்த்தான். அது அமுங்கி, அவனைத் தாங்கிக்கொண்டது.

எஞ்சின் தண்ணீரை எடுத்தது. கங்காணி கூச்சல் போட்டுக்கொண்டு செடிகளின் பக்கம் ஓடினார். காசிமாயன் மட்டும் நடுக்குளத்தில் அப்படியே கிடந்தான்.

"ஏறி வாய்யா, வெறச்சுப் போயிருவ" என்றாள் வேலுத்தாய்.

"இந்தா வர்றேன்" என்றான். இந்தத் தடவை அதை வழக்கம்போலச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் வழக்கமான நெரிசல். டிரைவர் சுடலை எரிந்து விழுந்தான். "அண்ணே, ஆளுக்கே எடமில்ல. அந்த டியூப மடிச்சு வைங்க."

"காத்தப் பிடுங்கி விடுய்யா. மடிக்கத்தான வாங்குன?" என்றாள் வேலுத்தாய்.

காசிமாயன் வால்வில் விரலை வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான். எதையும் யாரிடமும் மறுக்காத மனுஷன், "மாட்டேன்" என்றான்.

வேலுத்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஜீப்பு வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. அவள் ஊதிய காற்றை மடியில் அணைத்து, அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு காசிமாயன் போடி வரும்வரை தூங்கினான்.