மருந்துக் கொட்டகையில் ஒரு வைவா

“இந்த வாசப்படியத் தாண்டணும்னா, எம் பொணத்தத் தாண்டித்தான் போகணும்” என்று மலையம்மாள் கதவுநிலையில் கைவைத்து மறித்துக்கொண்டு நின்றாள்.

கொல்லைப்புறக் குளியலறையிலிருந்து வந்த திரிஷா முற்றத்திலேயே நின்றுவிட்டாள். மணி எட்டரை. பதினோரு மணிக்கு, மதுரையில் அவள் படிக்கும் எம்.ஏ.வின் ஆய்வேட்டுக்கு வைவா. டெல்லியிலிருக்கும் தேர்வாளர் வீடியோவில் கேள்வி கேட்பார். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

“லேப்டாப் உள்ள இருக்கும்மா. நெட்டும் வீட்லதான் நல்லா வருது. ஒரு மணி நேரம்தான்.”

“ஊருக்கே காப்புக் கட்டியிருக்கு. ஒங்கப்பா கோயில் கமிட்டியில இருக்காக. தெரிஞ்சா பத்துப் பேரு மத்தியில அவுகதான் தலகுனியணும். தோட்டத்துக்குப் போயிரு ஆத்தா, அஞ்சு நாளு.”

அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், மாதவிலக்கு வந்து தூரமான பெண்கள் தெருவில் இருக்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டுப்பாடு. எல்லையில் முன்பிருந்த குடிசை இடிந்த பிறகு அவரவர் தோட்டத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கமிட்டி பெரிய மனது பண்ணியிருந்தது.

மலையம்மாள் லேப்டாப்பை உரச் சாக்கில் சுற்றித் தரையில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனாள். திரிஷா குனிந்து எடுத்தாள். பெற்றவளே தன்னைத் தொடப் பயப்படுவதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

திராட்சைத் தோட்டத்து மூலையில் இருந்த கொட்டகையில் பூச்சிமருந்து டப்பாக்களும் ஸ்பிரேயரும் கிடந்தன. உள்ளே போனதுமே நெடி மண்டையில் ஏறியது. எலிப்புழுக்கை கிடந்த தரையை வேப்பங்குழையால் கூட்டினாள். செல்போனில் சிக்னல் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது, மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பதினொன்று அடித்ததும் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னாள்.

அவள் ஆராய்ந்தது கோயில் மைக்கை. கம்பம் பள்ளத்தாக்கில் ஏழு ஊர்களில் ஒரு வருஷம் அலைந்து, வரி அறிவிப்பு, சாவு அறிவிப்பு, காணாமல்போன ஆடு என்று நானூற்றுப் பன்னிரண்டு அறிவிப்புகளைப் பதிவு செய்திருந்தாள். அத்தனையிலும் ஒரு பெண்குரல் இல்லை.

“ஏன் இல்லை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார் தேர்வாளர். அப்புறம் அவள் பின்னால் அடுக்கியிருந்த டப்பாக்களில் மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்றார்.

திரிஷா டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒளிக்காமல் சொன்னாள். நாற்பது நிமிஷம் பேசினாள். இருமல் வந்தபோதெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். துறையிலேயே முதலிடம். திரிஷா அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். கோட்டைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கமிட்டித் தலைவர் பிச்சைமணியின் காதில் போட்டார். மகள் எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் போடவில்லை. சற்று நேரத்தில் கோயில் மைக்கில் பிச்சைமணியின் குரல் தோட்டம்வரை கேட்டது.

“நம்ம கோட்டைச்சாமி மக திரிஷா, எம்.ஏ. படிப்புல மொத எடம் வாங்கி ஊருக்குப் பெரும சேத்துருக்கு. அதுக்குப் பொன்னாடை போத்தணும். பிள்ள ஒடனே மேடைக்கு வரணும்.”

அடுத்த நிமிஷமே அப்பாவின் போன்.

“வந்துறாதத்தா. காய்ச்சல்னு சொல்லிப்புட்டேன்.”

“எனக்கு என்னப்பா காய்ச்சலு?”

“மானத்த வாங்காத, திரிஷா.”

மானமாம்! மருந்து நெடியில் மகள் கிடப்பது மானம், வெளியே தெரிந்தால்தான் அவமானம். த்தூ என்று துப்பிவிட்டு அவள் எழுந்தாள்.

நடுத்தெரு வழியாகவே நடந்து போனாள். மேடைக்குப் பின்னால் நின்ற மலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிச்சைமணி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பொன்னாடையைப் போர்த்தி, “ரெண்டு வார்த்த பேசுத்தா” என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் காய்ச்சல் இல்ல. தூரம். காலையிலருந்து மருந்துக் கொட்டகையில கெடந்தேன். அங்கன உக்காந்து பேசித்தான் இந்த மொத எடம் வாங்குனேன். அந்தப் பெரும ஊருக்கு வேணும்னா, இந்தத் தூரமும் ஊருக்குத்தான்.”

பிச்சைமணி பொன்னாடை போர்த்திய தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். திரிஷா மைக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை கோயிலுக்கும் மேடைக்கும் தீட்டுக் கழித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்ததோடு பிச்சைமணிக்கு மனம் ஆறவில்லை. மைக்கைக் கழற்றிக் குடத்து மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தார். மைக் செட்காரர் கர்ணன் பதறினார், ஆனால் அடுத்த வருஷமும் திருவிழா உண்டே என்று பேசாமல் இருந்துவிட்டார். பிச்சைமணி மைக்கை மாட்டி ஊதினார், தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

“பாத்தீகளா? தீட்டுப் பட்டா மைக்குகூடப் பேசாது” என்றார் கூட்டத்தைப் பார்த்து. ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கோட்டைச்சாமியும் ஆட்டினார்.

மதுரைக்குப் பஸ் ஏறப் பையோடு வந்த திரிஷா கோயில் முன்னால் நின்று பிச்சைமணியைப் பார்த்தாள்.

“நான் தொட்டப்ப நல்லாத்தான பேசுச்சு, பெரியப்பா. நீங்க கழுவுன பெறகுதான செத்துச்சு?”